புதுசா நட்ட ரோஜாவில் இலை மஞ்சளாகுது: உரமா, தண்ணியா, வேரா?

3 மார்ச் 2024, கேள்வி

அண்ணா, சென்னை, மொட்டைமாடி. நர்சரியில் இரண்டு ரோஜா வாங்கி நட்டு 12 நாள் ஆகுது. ஒன்று சிவப்பு ஒட்டு ரோஜா, இன்னொன்று பன்னீர் ரோஜா. இரண்டும் 12 இஞ்ச் தொட்டி. செம்மண், கோகோபீட், மண்புழு உரம் மூன்றும் சம பங்கு. பன்னீர் ரோஜா நல்லா இருக்கு. ஒட்டு ரோஜாவில் தினமும் மூணு நாலு இலை மஞ்சளாகி, தொட்டாலே கொட்டுது. காலை மாலை இரண்டு வேளையும் தண்ணி ஊத்தறேன். முட்டை ஓட்டுப் பொடி, டீத்தூள் போட்டாச்சு. நேற்று டிஏபி ஒரு ஸ்பூன் போட்டேன். இன்னிக்கு எப்சம் உப்பு (மெக்னீசியம் சல்பேட்) போடலாமா?

3 மார்ச், இரவு

போட வேண்டாம். இனி மூன்று வாரத்துக்கு அந்தத் தொட்டிக்குள் தண்ணீரைத் தவிர எதுவும் போகக் கூடாது.

முதல் வேலை டிஏபி. மேலே இன்னும் கரையாமல் குருணை தெரிந்தால் கையாலேயே பொறுக்கி எடுங்க. கரைந்துபோனதை வெளியேற்ற 10, 12 லிட்டர் தண்ணீரை மூன்று தவணையாக, நடுவில் பத்துப் பத்து நிமிஷம் விட்டு, மெதுவாக ஊத்துங்க. அடியில் ஓட்டை வழியாக ஓடி வருதா என்று பாருங்க. டிஏபியில் 18 சதவீதம் தழைச்சத்து (நைட்ரஜன்), 46 சதவீதம் மணிச்சத்து (பாஸ்பரஸ்). நல்லா வேர் பிடித்த செடிக்கு அது சாப்பாடு. புதுசா நட்ட செடியில் உறிஞ்சுகிற வெள்ளை வேர் இன்னும் வந்திருக்காது. அங்கே உப்பு கூடினால், வேர் தண்ணியை இழுப்பதற்குப் பதில் மண் வேரிலிருந்து தண்ணியை இழுக்கும். இலை இன்னும் வேகமாகக் கொட்டும்.

அடுத்து நாலு விஷயம் பார்த்துச் சொல்லுங்க. மஞ்சளாவது அடி இலையா, கொழுந்தா? இலை முழுக்க மஞ்சளா, நரம்பு மட்டும் பச்சையா? கொட்டுகிற இலை மெத்தென்று இருக்கா, மொறுமொறுன்னு இருக்கா? வாங்கும்போது வேரைச் சுற்றி என்ன மண் இருந்தது?

4 மார்ச்

பதில் பார்த்தேன். அடி இலை, முழு மஞ்சள், ஓரம் காய்ந்து மொறுமொறுப்பு. வேரைச் சுற்றிக் கெட்டியான களிமண் உருண்டை, அதை அப்படியே நட்டது. இந்தக் கடைசி வரியில்தான் பாதி பதில் இருக்கு.

ஆந்திராவில் ராஜமுந்திரி பக்கம் கடியம் வட்டாரத்தில் இருந்து லாரி லாரியாக வரும் செடிகள் பெரும்பாலும் களிமண் உருண்டையில்தான் வரும். அதில் தப்பில்லை. இரண்டு மூன்று நாள் பயணத்தில் மண் உதிராமல், ஈரம் போகாமல் வேரைக் காப்பாற்றுவது அந்தக் களிமண்தான். வீட்டுக்கு வந்தபிறகுதான் சிக்கல். சுற்றி நாம் போடுகிற கலவை பொலபொலவென்று இருக்கும், நடுவில் உருண்டை கல்லு மாதிரி. ஒரு தடவை உருண்டை காய்ந்து சுருங்கினால் அதுக்கும் கலவைக்கும் நடுவில் நூலளவு இடைவெளி விழும். ஊத்துகிற தண்ணி அந்த இடுக்கு வழியாக நேரே அடி ஓட்டைக்குப் போய்விடும். மேல் மண் ஈரம், அடியில் தண்ணி ஒழுகுது, செடியோ தாகத்தில் இருக்கு.

உறுதிப்படுத்த ஒரு ஈர்க்குச்சி போதும். தண்டில் இருந்து இரண்டு விரல் தள்ளி, உருண்டைக்குள்ளேயே நாலு இஞ்ச் இறக்கி, பத்து நிமிஷம் விட்டு உருவுங்க. தொட்டி ஓரத்தில் இன்னொரு குச்சி. ஓரத்துக் குச்சி கறுத்து ஈரமாகவும் நடுக் குச்சி வெளுத்தும் வந்தால் நான் சொன்னதுதான். இரண்டுமே சேறு ஒட்டிப் புளித்த வாடை அடித்தால் கதை வேறு, அது அழுகல். நடுக் குச்சி உள்ளேயே இறங்க மறுத்தால் அதுவே பதில்.

4 மார்ச், சற்று நேரம் கழித்து

ஒன்றைச் சேர்க்க விட்டுப்போச்சு. நட்ட முதல் இரண்டு வாரத்தில் அடி இலை ஐந்தாறு கொட்டுவது எந்த ரோஜாவிலும் நடக்கும். இடம் மாறின அதிர்ச்சி. வேர் குறைந்ததால் செடி தானே இலையைக் குறைத்துக்கொள்ளும். தண்டு பச்சையாக இருந்து, கணுவில் சிவப்பாக முளை ஊசி மாதிரி கிளம்பினால் எந்த வைத்தியமும் தேவையில்லை. உங்க செடியில் 12 நாளாகத் தினமும் நாலு இலை என்பதால்தான் நோண்டச் சொல்றேன்.

6 மார்ச்

நடுக் குச்சி வெளுத்து வந்ததாமே. அப்போ செய்ய வேண்டியது இது.

வெயில் தாழ்ந்தபின் செய்யுங்க. செடியைக் கலவையோடு சாய்த்து, தண்டைப் பிடித்து இழுக்காமல், தொட்டியைத் தட்டி வெளியே எடுங்க. களிமண் உருண்டையை மட்டும் வாளித் தண்ணீரில், உருண்டை முழுகும்படி வைங்க. முதலில் குமிழி வரும். நின்றபிறகும் இருபது நிமிஷம் விடுங்க. வெளியே எடுத்தால் உருண்டையின் தோல் வெண்ணெய் மாதிரி வழுக்கும், உள்ளே கட்டைவிரலை அமுக்கினால் இன்னும் கெட்டியாக இருக்கும். மேல் தோலை மட்டும் ஒரு விரல் கனத்துக்குத் தடவித் தடவி எடுத்துவிடுங்க. அடியில் வேர் சுருண்டு வட்டம் போட்டிருந்தால் அதை நீட்டிவிடுங்க. பக்கவாட்டில் ஈர்க்குச்சியால் ஐந்தாறு இடத்தில் குத்தித் துளை போடுங்க.

வேரையும் அப்படியே பாருங்க. வெளிர் மஞ்சள் அல்லது பழுப்பு, இழுத்தால் அறாது: நல்ல வேர். கறுத்து, இரண்டு விரலால் இழுத்தால் தோல் உறை மாதிரி கழன்று உள்ளே நரம்பு மட்டும் மிஞ்சினால் அழுகல். அழுகினதைக் கத்தரித்துவிடுங்க.

திருப்பி நடும்போது உருண்டையைச் சுற்றிக் கலவையை விரலால் அழுத்திக் காலியிடம் இல்லாமல் நிரப்புங்க. ஒட்டுக் கட்டின முடிச்சு மண்ணுக்கு மேலே ஒரு இஞ்சாவது தெரியணும். முதல் பத்து நாள் காலை வெயில் மூன்று நாலு மணி நேரம் போதும். மதிய வெயிலுக்கு நிழல்வலை.

7 மார்ச், திருத்தம்

தோலை மட்டும் எடுக்கச் சொன்னதை ஒருவர், “களிமண்ணை முழுசாகக் கழுவிட்டால் இன்னும் நல்லதுதானே” என்று கேட்டிருக்கார். டிசம்பர், ஜனவரியில், அதுவும் இலை உதிர்த்துக் கவாத்து பண்ணின, அதாவது கிளையை வெட்டிக் குறைத்த, செடியில் செய்யலாம். மார்ச் பிறந்த சென்னை வெயிலில் வேண்டாம். களிமண்ணோடு சேர்ந்து மயிர்வேர் எல்லாம் போய்விடும். தலையில் இலை, கீழே வெறும் குச்சி வேர் என்றால் இரண்டே நாளில் தண்டு சுருங்கும். தோல் எடுத்து, துளை போட்டால் போதும். மிச்சத்தை வேரே உடைத்துக்கொண்டு வெளியே வரும்.

பன்னீர் ரோஜா ஏன் தப்பித்தது என்பதற்கும் பதில்: அது ஒட்டு இல்லை, பதியனோ போத்தோ (வெட்டின குச்சி) வைத்துத் தன் வேரில் நிற்கிற செடி. உங்களுடையது பாலித்தீன் பையில், மக்கு கலந்த செம்மண்ணில் வந்ததாகச் சொன்னீங்க. பைமண்ணும் தொட்டிமண்ணும் கிட்டத்தட்ட ஒன்று. வேருக்குச் சுவர் எதுவும் இல்லை.

15 மார்ச்

தண்ணி அளவு பற்றி இரண்டு பேர் கேட்டதால். “தினம் ஒரு மக்” என்று கணக்கு சொல்ல முடியாது. தொட்டியைத் தூக்கிப் பாருங்க, அல்லது ஒரு பக்கம் சாய்த்துக் கனம் பாருங்க. முழுசாக நனைந்த அன்று எவ்வளவு கனம், மறுநாள் எவ்வளவு, கைக்குத் தெரிந்துவிடும். கனம் குறைந்து, மேல் மண் ஒரு இஞ்ச் காய்ந்திருந்தால் முழுசாக ஊத்துங்க, அடியில் ஒழுகுகிற வரை. கொஞ்சம் கொஞ்சமாக இரண்டு வேளை தெளிப்பதுதான் கெடுதல். மேல் இரண்டு இஞ்ச் எப்பவும் சொதசொத, கீழ் வேர் எப்பவும் காய்ந்தே கிடக்கும்.

ஐந்து இஞ்ச் பைச் செடியை எடுத்த எடுப்பில் 18 இஞ்ச் தொட்டியில் வைப்பதும் மஞ்சளுக்கு ஒரு காரணம். வேர் எட்டாத மண் நாள்கணக்கில் காயாமல் கிடக்கும். முதல் வருஷம் 10 அல்லது 12 இஞ்ச் போதும்.

2 ஏப்ரல்

கேள்வி கேட்டவரிடமிருந்து நல்ல செய்தி, கூடவே ஒரு புதுச் சிக்கல். கொட்டுவது நின்றுவிட்டது, நாலு கிளையில் புதுத் துளிர். ஆனால் துளிர் முதிர்ந்து பச்சைக்கு வராமல், எலுமிச்சை நிறத்தில் நின்றுவிட்டது. நரம்பு மட்டும் பச்சை வலை மாதிரி தெரியுது. அடி இலை நன்றாகப் பச்சை.

இது இரும்புச்சத்துக் குறை. இரும்பு செடிக்குள் ஒரு இடத்தில் படிந்தால் மறுபடி இடம் மாறாது. அதனால் பற்றாக்குறை முதலில் கொழுந்தில் தெரியும். மெக்னீசியமும் தழைச்சத்தும் நேர்மாறு. பற்றாக்குறை வந்தால் செடி கிழட்டு இலையில் இருந்து உருவிக் கொழுந்துக்குக் கொடுக்கும், அடியில் மஞ்சள். அடி இலை நரம்புக்கு நடுவில் மட்டும் மஞ்சளானால் மெக்னீசியம், ஒரே சீராக வெளுத்தால் தழைச்சத்து. எப்சம் உப்பு வேலை செய்வது அந்த மெக்னீசியம் மஞ்சளுக்கு மட்டும்தான். இப்போ உங்க செடிக்கு ஊத்தினாலும் கொழுந்து பச்சையாகாது.

செம்மண்ணில் இரும்புக்குப் பஞ்சமே இல்லை, அந்தச் சிவப்பே இரும்புதான். இருந்தும் கிடைக்காததற்குக் காரணம் மண்ணின் காரம். ரோஜாவுக்குப் பிடித்த பிஎச் (புளிப்பா காரமா என்று காட்டும் எண், ஏறினால் காரம்) 6 முதல் 6.5 வரை. 7.5-ஐத் தாண்டினால் இரும்பு கரையாத உருவத்துக்குப் போய்விடும். முட்டை ஓடு சுண்ணாம்பு, அடுப்புச் சாம்பலும் காரம். ஆனால் நீங்க போட்ட ஓடு ஒரு மாதத்தில் கரைந்து இப்படிச் செய்யாது. சந்தேகம் தண்ணி மேல். என்ன தண்ணி ஊத்தறீங்க?

3 ஏப்ரல்

பதில் வந்தாச்சு: ஆர்ஓ (குடிநீர் சுத்திகரிப்பு) இயந்திரத்தில் இருந்து வெளியேறுகிற கழிவுத் தண்ணி. வீணாகக் கூடாது என்று செடிக்கு விடுவது. எண்ணம் நல்லது, ரோஜாவுக்கு மட்டும் ஒத்துவராது.

கணக்கு போட்டுப் பாருங்க. போர் தண்ணி டிடிஎஸ் (கரைந்திருக்கிற உப்பின் அளவு) 800 என்று வைங்க. மூன்று லிட்டர் உள்ளே போய் ஒரு லிட்டர் குடிக்க வருது, இரண்டு லிட்டர் வெளியே. மூன்று லிட்டரின் உப்பும் அந்த இரண்டில்தான் இருக்கு. 800 கிட்டத்தட்ட 1,200 ஆகிவிட்டது. அதில் பைகார்பனேட்டும் சேர்ந்து வருவதால் மண்ணின் பிஎச் ஏறிக்கொண்டே போகும். தொட்டி விளிம்பிலும் அடி ஓட்டையைச் சுற்றியும் வெள்ளையாகப் பூத்திருக்கும், பாருங்க. அந்தத் தண்ணியைத் தரை துடைக்க, கழிவறைக்கு வைங்க. ரோஜாவுக்கு மெட்ரோ தண்ணி, ஏசியில் இருந்து சொட்டுகிற தண்ணி, மழைத் தண்ணி எது கிடைத்தாலும் மேல். ஏசி தண்ணியில் உப்பே இருக்காது.

போர் தண்ணியைத் தவிர வழியில்லை என்றால் சிட்ரிக் அமிலம், மளிகைக் கடையில் எலுமிச்சை உப்பு. லிட்டருக்குக் கால் கிராமில் தொடங்கி, பிஎச் தாளில் நனைத்துப் பார்த்து, 6.5 பக்கம் வருகிற அளவை உங்க தண்ணிக்குக் குறித்து வைங்க. ஒவ்வொரு தெருத் தண்ணிக்கும் அளவு மாறும்.

கொழுந்துக்கு உடனடி மருந்து அன்னபேதி, அதாவது இரும்பு சல்பேட். லிட்டருக்கு 5 கிராம், அதோடு சிட்ரிக் அமிலம் 1 கிராம். சிட்ரிக்கை முதலில் கரைத்துவிட்டு அன்னபேதி போடுங்க. கரைத்த உடனே, வெயில் இறங்கினபிறகு, இலையின் இரண்டு பக்கமும் பனி மாதிரி தெளிங்க. பத்து நாள் இடைவெளியில் மூன்று தடவை.

3 ஏப்ரல், இரவு, இரண்டு திருத்தம்

5 கிராம் என்று எழுதியது வயலில் வளர்ந்த செடிக்கான 0.5 சதவீத அளவு. மாடியில் இளந்துளிருக்கு 2 கிராமில் தொடங்குங்க, சிட்ரிக் அரை கிராம். ஒரு கிளையில் மட்டும் அடித்து இரண்டு நாள் பாருங்க. இலை நுனி கருகவில்லை என்றால் மற்றதுக்கு அடிக்கலாம். தரையில் சிந்தினால் துருக்கறை போகவே போகாது, கீழே சாக்கு விரிச்சுக்கோங்க.

இன்னொன்று, கடையில் பெயர் குழம்பும். நாட்டு மருந்துக் கடையில் “பேதி உப்பு” என்றால் எப்சம் உப்பு, “அன்னபேதி” என்றால் இரும்பு. ஒன்றைக் கேட்டு இன்னொன்றை வாங்கி வந்துவிடுவாங்க. நிறத்தைப் பாருங்க. எப்சம் வெள்ளைப் பளிங்கு. அன்னபேதி வெளிர்ப் பச்சைப் பளிங்கு. பச்சை போய்ப் பழுப்புத் தூளாகிக் கிடந்தால் காற்றுப் பட்டுக் கெட்டது, வாங்காதீங்க.

11 ஏப்ரல்

“இரும்பு ஈடிடிஏ வாங்கி மண்ணில் ஊத்தினேன், ஒன்றும் ஆகலை” என்று கோவையில் இருந்து ஒருவர். ஈடிடிஏ என்பது இரும்பு கரைந்தே இருக்கும்படி பிடித்து வைக்கிற பொருள். சார், மண்ணு எட்டு பிஎச்சில் இருந்தால் ஈடிடிஏ பிடித்து வைத்திருக்கிற இரும்பை விட்டுவிடும். அது 6.5 வரைதான் தாங்கும். டிடிபிஏ வகை 7.5 வரை. அதுக்கு மேல் ஈடிடிஎச்ஏ மட்டும். விலை கூடுதல், ஆனால் 12 இஞ்ச் தொட்டிக்கு ஒரு கிராமை ஒரு லிட்டரில் கரைத்து ஊத்தினால் போதும், மண் முன்னமே நனைந்திருக்கணும். கரைத்தால் தண்ணி நாவல்பழச் சாறு மாதிரி சிவக்கும். ஈடிடிஏ கையில் இருந்தால் வீணாக்காமல் இலைவழி தெளிக்க வைத்துக்கோங்க.

6 மே

அக்னி நட்சத்திரம் தொடங்கியாச்சு, இப்போ வருகிற மஞ்சள் படங்களில் பாதி செஞ்சிலந்திப் பேன். தூரத்தில் பார்த்தால் சத்துக்குறை மாதிரியே இருக்கும். கிட்டே போனால் மஞ்சள் ஒரே சீராக இருக்காது, ஊசியால் குத்தின மாதிரி ஆயிரம் வெளுத்த புள்ளி. இலையை வெள்ளைத்தாள் மேல் தட்டுங்க. மிளகாய்த்தூள் மாதிரி விழுந்தது நடக்க ஆரம்பித்தால் பேன்தான். விரலால் தேய்த்தால் செம்பழுப்புக் கோடு விழும்.

தண்ணியை இலையின் அடிப்பக்கம் வேகமாகப் பீய்ச்சி அடியுங்க, காலையில், மூன்று நாளுக்கு ஒரு தடவை. வேப்பெண்ணெய் லிட்டருக்கு 5 மில்லி, சோப்புக் கரைசல் சில சொட்டு, சாயங்காலம் மட்டும். இந்த வெயிலில் முட்டை பேனாக வளர ஒரு வாரம் போதும், அதனால் ஐந்து நாள் இடைவெளியில் மூன்று தடவை தொடர்ந்து செய்யணும். ஒரு தடவை அடித்துவிட்டு விட்டால் முட்டை மிஞ்சும். நனையும் கந்தகம் லிட்டருக்கு 2 கிராம் நல்ல மருந்துதான், ஆனால் 32 டிகிரிக்கு மேல் இலையைக் கருக்கும். எண்ணெய் அடித்து இரண்டு வாரத்துக்குள் கந்தகம் கூடாது. இந்த மாதம் அதைத் தொடவே வேண்டாம்.

19 ஜூலை

ஒரே கிளை மட்டும் மஞ்சளாகுது, மற்றதெல்லாம் நல்லா இருக்கு என்றால் மண்ணை விட்டுவிட்டுத் தண்டைப் பாருங்க. ஒட்டுக் கட்டின பிளாஸ்டிக் நாடா அப்படியே இருக்கும். தண்டு பருத்ததும் அது கழுத்தை இறுக்கும். முடிச்சுக்கு மேல் வீக்கம், கீழே பள்ளம். சவரப் பிளேடால் ஒட்டு மொட்டுக்கு எதிர்ப்பக்கத்தில் கீறி, நாடாவைத் தானாக அவிழ விடுங்க, உரித்து இழுக்காதீங்க.

இங்கேயே இன்னொரு பழைய பேச்சையும் தீர்த்துவிடலாம். “ஏழு இலை வந்தால் காட்டுச்செடி, வெட்டிப் போடு” என்பார்கள். ஒட்டு ரோஜாவிலேயே ஏழு சிற்றிலை வருகிற ரகம் இருக்கு. எண்ணிக்கையை வைத்து வெட்டாதீங்க. மண்ணை விலக்கிப் பாருங்க. முடிச்சுக்குக் கீழே இருந்து கிளம்பினால் மட்டும் வேர்ச்செடியின் (ஒட்டுக்கு அடியில் இருக்கிற காட்டு ரோஜாவின்) கிளை. அதைக் கத்தரிக்காமல், கிளம்புகிற இடத்தோடு பிய்த்து எடுங்க.

27 அக்டோபர்

வடகிழக்கு மழை வந்துவிட்டது. மார்ச்சில் எழுதினதைப் படித்துவிட்டு இப்போ உருண்டையை ஊற வைக்காதீங்க! இந்த மாதத்து மஞ்சள் வேறு. இலை மெத்தென்று, ஈரமாக, முழு மஞ்சளாக, பட்டால் உதிரும். குச்சி சேறோடு வரும். தொட்டியைச் செங்கல் மேல் ஏற்றி, அடி ஓட்டையில் கம்பி விட்டுக் குத்துங்க. மண் வழிந்து அடைத்திருக்கும். தாம்பாளம் இருந்தால் எடுத்துவிடுங்க. விடாமல் பெய்கிற நாளில் தொட்டியை லேசாகச் சாய்த்து வைத்தால் வடியும்.

மஞ்சளுக்கு நடுவில் கறுப்புப் புள்ளி, புள்ளியின் ஓரம் வெட்டினாற்போல் இல்லாமல் பஞ்சு பிரிந்த மாதிரி இருந்தால் கரும்புள்ளி நோய். இலை ஏழெட்டு மணி நேரம் நனைந்தே இருந்தால் பூஞ்சாணம் உள்ளே இறங்கிவிடும். விழுந்த இலையைப் பொறுக்கி வெளியே போடுங்க, உரக்குழியில் வேண்டாம். பூஞ்சாண மருந்து மேங்கோசெப் 2 கிராம் அல்லது கார்பன்டசிம் 1 கிராம், லிட்டருக்கு, மழை விட்ட நாளில், பத்து நாளுக்கு ஒரு தடவை மாற்றி மாற்றி. ஒன்றையே அடித்தால் பழகிவிடும்.

28 அக்டோபர்

மேலே எழுதினதில் அடங்காத ஒரு படம் வந்தது: பச்சை இலையில் மஞ்சள் மின்னல் கோடு, ஓக் இலை வடிவம். அது மொசைக் வைரஸ். ஒட்டுக் கட்டும்போதே வருவது. மருந்து கிடையாது. பூக்கிறவரை வைத்துக்கொள்ளலாம், அதிலிருந்து குச்சி எடுத்துப் போத்து வைக்க வேண்டாம்.

9 டிசம்பர்

முதல் கேள்விக்காரர் படம் அனுப்பியிருக்கார். கரும்பச்சை இலை, ஆறு கிளை, ஒரு மொட்டு. “உரம் எப்போ?” என்று கேட்கிறார். இப்போ தரலாம். 19:19:19 (தழை, மணி, சாம்பல் சத்து மூன்றும் சமமாக உள்ள கரையும் உரம்) லிட்டருக்கு 2 கிராம், பதினைந்து நாளுக்கு ஒரு முறை, ஈர மண்ணில் மட்டும். ஜனவரியில் கவாத்துக்குப் பிறகு மக்கின சாணம் இரண்டு கை, வேப்பம் புண்ணாக்கு 50 கிராம், ஓரமாகக் கீறி மூடுங்க.

அந்த மொட்டைக் கிள்ள வேண்டாம், இந்த வேர் அதைத் தாங்கும். பூத்து முடிந்ததும் பூவுக்குக் கீழே ஐந்து சிற்றிலை உள்ள முதல் இலைக்கு மேலே, வெளிப்பக்கம் பார்க்கிற கணுவில் வெட்டுங்க.